அடுப்பில்லாத வண்டி

ஹனோவரில் நான் குடியிருந்த வீட்டின் முற்றத்தில் ஒரு ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் நின்றது. 1976-ஆம் வருடத்து வண்டி. நிறம் ஆரஞ்சு என்று பதிவுத்தாள் சொன்னது. நாற்பது வருட வெயிலும் பனியும் பட்டு, கூரைப்பக்கம் அது பூசணிக்காயின் உள்சதை நிறத்துக்கு வெளுத்திருந்தது. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகளில் துரு. பக்கக் கதவை இழுத்துத் திறந்தால் ஈர மண் வாசனை வரும். கேம்பர் வேன் என்றால் உள்ளே படுக்கை, மேசை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இதில் இருந்தவை பலகை அடுக்குகள். அவற்றில் பழைய செய்தித்தாளில் சுற்றிய கிண்ணங்கள், ஜாடிகள், தேநீர்க் குவளைகள்.

வீட்டுக்கார அம்மா குயவர். அப்போது அவருக்கு 68 வயது. வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் துணி தைத்த பெண்களைப் பற்றிய பழைய ஆவணங்களைப் படிப்பதற்காக 2015 முதல் 2017 வரை நான் அங்கே தங்கியிருந்தேன். எனக்கு மாடி அறை. கீழே அவருடைய சக்கரமும் சூளையும். முதல் மாதம் முழுக்க என்னை 'நீங்கள்' என்றார். அவருடைய ஜாடி ஒன்றை நான் கைதவறி உடைத்த நாளில் 'நீ'க்கு மாறினார்.

அந்த வண்டியை வைத்து அவருக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தம்பியிடமும் ஒரு ஃபோக்ஸ்வாகன் வேன் உண்டு. 1966-ஆம் வருடத்தது, முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த பழைய மாதிரி, மேலே வெள்ளை, கீழே பச்சை. அதற்கென்று வெப்பமூட்டிய கொட்டகை கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதற்குள் ஏற வேண்டும். குளிர்காலத்தில் வெளியே எடுக்க மாட்டார், மழை வந்தாலும் எடுக்க மாட்டார். அக்காவின் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் நோயாளியைப் பார்ப்பது போலப் பெருமூச்சு விடுவார். "எவ்வளவு அருமையான வண்டியை இப்படிப் பாழாக்கி வைத்திருக்கிறாய்" என்பார். "நான் பாழாக்கவில்லை, ஓட்டுகிறேன்" என்பார் அம்மா.

வண்டியை ஓட்டுவதா, பொத்திவைப்பதா என்ற இந்த வாக்குவாதம் பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் எல்லோரிடையேயும் உண்டு. முதலில் நானும் இதை அக்கா தம்பி வேடிக்கையாகத்தான் பார்த்தேன். ஜெர்மன் அரசாங்கமே இதில் ஒரு பக்கம் நிற்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜெர்மனியில் 1997 முதல் பழைய வண்டிகளுக்கென்று தனி எண்தகடு உண்டு. எண்ணுக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து வரும். வரலாற்று வண்டி என்று பொருள். முதல் பதிவிலிருந்து 30 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். வண்டி பெருமளவு மூல நிலையிலும் நல்ல பராமரிப்பிலும் இருக்க வேண்டும். சட்டத்தின் மொழியில் அது ஒரு பண்பாட்டுச் சொத்து. தகடு கிடைத்தால் வருட வரி ஒரே தொகை, 191 யூரோ சொச்சம். அதைவிடப் பெரிய சலுகை, நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் நுழையலாம். ஹனோவரில் அப்படியொரு மண்டலம் 2008-இல் வந்தது. 2024-இல் அது நீக்கப்படும்வரை பழைய பெட்ரோல் வண்டிகள் உள்ளே வரக் கூடாது, 'ஹெச்' தகடு இருந்தால் வரலாம் என்று விதி இருந்தது. அம்மாவின் வண்டிக்குத் தகடு இல்லை. மண்டலம் வந்த பிறகு நகருக்குள் நடக்கும் சனிக்கிழமைச் சந்தைக்கு அவர் போக முடியவில்லை. அவருடைய வருமானத்தில் பாதி அந்தச் சந்தையில் வந்துகொண்டிருந்தது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் சந்தைகளில் அந்த விலைக்குக் கிண்ணம் வாங்க ஆளில்லை.

வயதில் வண்டிக்குத் தகுதி உண்டு. துருவை வெட்டியெடுத்துத் தகடு ஒட்டிவிடலாம், அதைத் தம்பியே செய்து தருவதாகச் சொன்னார். சிக்கல் உள்ளே இருந்தது. வண்டியில் செய்த மாற்றங்கள் அதன் முதல் பத்து வருடங்களுக்குள் செய்தவையாகவோ, அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்தவையாகவோ இருந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். அம்மா அடுப்பையும் தொட்டியையும் குளிர்பெட்டியையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடுக்கு வைத்தது 1990-இல், பதினான்காவது வருடத்தில். பரிசோதித்துப் பார்த்தவர் வாய்மொழியாகச் சொன்னது இதுதான்: சமையல் பகுதியைத் திரும்ப வையுங்கள், பிறகு பேசலாம்.

அன்று மாலை அம்மா எதுவும் பேசவில்லை. சூளைக்குள் அடுக்கியிருந்த பாத்திரங்களை எடுத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் மேலே போய், என் தையல்காரப் பெண்களை மூடிவைத்துவிட்டு, கேம்பர் வேனின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன விதிகளில் 'வீட்டு வண்டி' என்பதற்கு ஒரு வரையறை உண்டு. குறைந்தது நான்கு பொருள்கள் அதில் இருக்க வேண்டும்: இருக்கைகளும் மேசையும், படுக்கும் வசதி, சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் வசதி. இவை வண்டியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேசைக்கு மட்டும் விலக்கு உண்டு, அதைக் கழற்றக்கூடியதாக வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எழுதவும் படிக்கவும் உதவும் மேசை போகலாம், வரலாம். அடுப்பை மட்டும் முடுக்கிவைக்க வேண்டும்.

ஆனால் ஜெர்மனியின் முதல் வீட்டு வண்டி அடுப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. தெற்கே ஆல்காய் மலைப்பகுதியில் இஸ்னி என்ற சிறு நகரம். அங்கே சாட்டைகளும் பனிச்சறுக்குக் கம்புகளும் செய்துகொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். வியாபாரத்துக்காக வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறவர். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஃப்ரிடல் எடல்மன் நிலக்காட்சி ஓவியர். வீட்டில் காத்துக்கொண்டிருக்க அவருக்கு விருப்பமில்லை. இருவரும் சேர்ந்து போகவும், போகும் இடத்தில் தான் ஓவியம் வரையவும் வசதியாக ஒரு வண்டி வேண்டுமென்று கேட்டார். 1931-இல் அரிஸ்ட் ஒரு வண்டி செய்து தன் காருக்குப் பின்னால் பூட்டினார். அதற்கு 'வீட்டுக் கார்' என்று பெயர் வைத்தார். பிறகு சாட்டைத் தொழிலை விட அந்தத் தொழிலே பெரிதாகி, இன்றுவரை அந்தப் பெயரில் வண்டிகள் வருகின்றன.

பெண்ணுக்கென்று தனி அறை வேண்டுமென்று வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய புத்தகம் வெளிவந்தது 1929-இல். இரண்டு வருடம் கழித்து இஸ்னியில் ஒரு பெண் அந்த அறைக்குச் சக்கரம் வைத்துக் கேட்டிருக்கிறார். ஃப்ரிடல் வுல்ஃபைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வரைய இடம் இல்லாத எந்தப் பெண்ணுக்கும் தோன்றக்கூடியதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஃப்ரிடல் தன் வண்டிக்கு முன்மாதிரியாகச் சொன்னது 'ஜிப்சி வண்டி'யை. அந்தப் பெயரால் சின்டி, ரோமா மக்களை இழிவாக அழைத்தார்கள். இஸ்னியிலிருந்து சிறிது தூரத்தில் எல்லை தொடங்கும் பவேரியாவில் 1926-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்த மக்கள் போலீசின் அனுமதி இல்லாமல் வண்டி கட்டி ஊர் ஊராகப் போகக் கூடாது. சக்கரத்தின் மேல் வாழ்வது ஒரு வீட்டில் கனவாகவும் இன்னொரு வீட்டில் குற்றமாகவும் இருந்த காலம். 1943 பிப்ரவரி முதல் அவர்களைக் குடும்பம் குடும்பமாக ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். வண்டிகளின் அடுப்பில் சமைத்த பெண்களும் அதில் போனார்கள். விடுதலையின் சின்னமாகக் கேம்பர் வேனைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. நானும் ஒரே பத்தியில் கடந்துபோகிறேன் என்பது எனக்கே உறுத்துகிறது.

ஓவியப் பலகை இருந்த இடத்துக்கு அடுப்பு எப்படி வந்தது? இதற்கு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போக வேண்டும். 1926-இல் அந்த நகராட்சி தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகளில் ஒன்று ரயிலின் உணவுப் பெட்டியில் இருந்த சமையலறை. ஓடும் ரயிலில், குறுகிய இடத்தில், குறைந்த அடிகளில் பலருக்குச் சமைக்க முடிகிறதே, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பெண்ணுக்கு நேரம் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அப்படிப் பத்தாயிரம் சமையலறைகள் கட்டினார்கள். நவீன மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி.

அந்தச் சமையலறையில் ஒன்றை ஃபிராங்க்ஃபர்ட்டின் ரோமர்ஸ்டாட் குடியிருப்பில், அருங்காட்சியகமாக வைத்திருக்கும் எர்ன்ஸ்ட் மே வீட்டில் பார்த்தேன். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, அதில் புழு வராதாம். மரச்சாமான்களுக்கு நீலப்பச்சை வண்ணம், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று நம்பினார்கள். ஒருத்தி நடுவில் முக்காலியில் உட்கார்ந்து சுற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். இன்னொருவர் உள்ளே வந்தால் இருவருக்கும் இடமில்லை. பெண்ணின் வேலையைக் குறைக்க நினைத்த அறை, அந்த வேலையை அவளோடு மட்டும் வைத்து அடைத்தும்விட்டது. எழுபதுகளில் பெண்ணியவாதிகள் அதைத்தான் விமர்சித்தார்கள். ஷூட்டே-லிஹோட்ஸ்கியை நான் குறை சொல்ல மாட்டேன். நாஜிகளை எதிர்த்து வேலை செய்து, 1941 முதல் போர் முடியும்வரை சிறையில் இருந்தவர். சமையலறையைத் தவிர நூறு காரியங்கள் செய்தவர். உலகம் அவரை அந்தச் சமையலறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டது.

இந்த மாதிரிச் சமையலறைகள் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்து, பிசுக்கு நீக்கி, காட்சிக்கு வைத்தவை. ரோமர்ஸ்டாட்டில் நான் இழுப்பறை ஒன்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். காலி. சர்க்கரை என்று எழுதியிருந்தது.

ரயிலிலிருந்து வீட்டுக்கு வந்த அடுப்படி, போருக்குப் பிறகு திரும்பவும் வண்டி ஏறியது. 1947 ஏப்ரல் 23-இல் பென் பொன் என்ற டச்சு வியாபாரி, பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போன்ற ஒரு வண்டியைத் தன் குறிப்பேட்டில் கிறுக்கினார். (எங்கள் அம்மா பிறந்த வருடமும் அதுதான். "ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே இடத்தில் துரு" என்பார்.) 1950 மார்ச் 8-இல் உற்பத்தி தொடங்கியது. ரொட்டிக்கடைக்காரர், குழாய் ரிப்பேர்க்காரர், சில்லறை வியாபாரி ஆகியோருக்கான 25 குதிரைத்திறன் சரக்கு வண்டி. 1956 முதல் அது ஹனோவரில் தயாரானது. வீடன்ப்ருக்கில் இருந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் அதற்கென்று ஒரு முகாம் பெட்டி செய்தது. வாரநாளில் சரக்கு, சனி ஞாயிறில் பெட்டியை உள்ளே வைத்தால் குடும்பச் சுற்றுலா. திங்கள்கிழமை திரும்ப இறக்கிவைக்கலாம். அடுப்பு அன்று அசையாப் பொருள் ஆகியிருக்கவில்லை. சுற்றுலா பெருகப் பெருக, வண்டி முழுக்க வீடாகி, அடுப்பும் தொட்டியும் நிலையாகப் பொருத்தப்பட்டன. அந்தக் காலத்து விளம்பரக் கையேடுகளில் ஒரே குடும்பம்தான் திரும்பத் திரும்ப வரும். ஏரிக்கரை. ஆண் மடக்கு நாற்காலியில். பிள்ளைகள் பந்தோடு. பெண் குனிந்து காபி ஊற்றுகிறாள், அல்லது கதவுக்குள் நின்று எதையோ கிளறுகிறாள்.

சட்டமும் அதையேதான் சொன்னது. 1958 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மேற்கு ஜெர்மனியில் மனைவி தன் பொறுப்பில் வீட்டை நடத்துகிறாள். திருமணக் கடமைகளுக்கும் குடும்பக் கடமைகளுக்கும் இடைஞ்சல் இல்லாத அளவுக்கு அவள் வேலைக்குப் போகலாம். இந்தச் சட்டப்பிரிவு 1977 ஜூலை 1 வரை உயிரோடு இருந்தது. அதாவது 1976-இல் அந்த ஆரஞ்சு வண்டி ஹனோவர் தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தபோது, வீட்டை நடத்துவது மனைவியின் வேலை என்று சட்டப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. வீடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போனாலும் அதேதான்.

அம்மாவின் கணவர்தான் வண்டியைப் புதிதாக வாங்கியவர். பதின்மூன்று கோடைகள் அதில் போயிருக்கிறார்கள், பெரும்பாலும் இத்தாலியின் கார்டா ஏரிக்கு. மூன்று பிள்ளைகள். "ஏரி எப்படி இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன். "சன்னல் அளவுக்கு இருக்கும்" என்றார். கூரையைத் தூக்கிவிட்டால் நிமிர்ந்து நிற்கலாம். மழை பெய்தால் தூக்க முடியாது, குனிந்தபடியே சமைக்க வேண்டும். தண்ணீரை அவர்தான் சுமந்து வருவார், கழுவிய நீரை அவர்தான் கொட்டிவிட்டு வருவார். வீட்டில் இருந்தாலாவது சக்கரத்தில் ஒரு கிண்ணம் வனைய நேரம் கிடைக்கும். விடுமுறையில் அதுவும் இல்லை. கணவரைப் பற்றிக் கோபமாக ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. சோர்வாகத்தான் சொன்னார்.

1977-இல் வீட்டு வேலைச் சட்டத்தை மாற்றிய அதே திருத்தம்தான் மணவிலக்கு முறையையும் மாற்றியது. யார் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை, மணவாழ்வு முறிந்துவிட்டது என்றால் போதும். அம்மா 1989-இல் அந்தக் கதவு வழியாக வெளியே வந்தார். கணவருக்கு வீட்டுச் சாமான்கள், அம்மாவுக்கு வண்டி. மறுவசந்தத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அடுப்பலமாரியைக் கழற்றி முற்றத்தில் வைத்தார். ஒரு மாதம் மழையில் கிடந்து அது ஊறிப்போனது. ஃப்ரிடல் எடல்மன் 1931-இல் கேட்ட வண்டியை, அவருடைய பெயரைக்கூடக் கேள்விப்படாமல், 1990-இல் ஒருத்தி தானே செய்துகொண்டார்.

ஆகவே மூல நிலை என்றால் எது? தம்பியைக் கேட்டால் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த நாள். யாரும் ஏறியிராத, யாரும் எண்ணெய் சிந்தியிராத நாள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சேதம். அம்மாவைக் கேட்டால் வண்டி 1990-இல்தான் தொடங்குகிறது.

மே 1-ம் தேதி ஹனோவரில் பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளின் கூடுகை நடக்கும். 2016-இல் தம்பி என்னை அழைத்துப்போனார். உழைப்பாளர் நாளில், உழைப்பின் சுவடு எதுவும் இல்லாத வண்டிகளின் அணிவகுப்பு. கதவுகளைத் திறந்துவைத்து உள்ளே காட்சி அமைத்திருந்தார்கள்: கட்டம்போட்ட திரை, எனாமல் காபிக் குவளை, அறுபதுகளின் தட்டுகள், ஒரு கூடையில் பிளாஸ்டிக் ஆப்பிள்கள். அடுப்பின் மேல் கெட்டில். அந்த அடுப்பு ஒருநாளும் எரிந்ததில்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். பெண்ணை எடுத்துவிட்டுச் சமையலறையை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு வேடிக்கையும் பார்த்தேன். வெளியே வெயிலில் வெளுத்த வண்ணத்துக்கு அங்கே மரியாதை உண்டு. காலத்தின் தடம் என்று அதைத் தடவிப் பார்க்கிறார்கள், அதன் மேல் மெழுகு பூசிக் காப்பாற்றுகிறார்கள். உள்ளே பலகையில் ஊறிய எண்ணெய்க் கறைக்கு அந்த மரியாதை இல்லை. அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். வெயில் போட்ட கறை வரலாறு, தாளித்தவள் போட்ட கறை அழுக்கு.

வீட்டு வேலைக்கு ஒரு சாபம் உண்டு. நன்றாகச் செய்தால் செய்த தடமே இருக்காது. துடைத்த தரை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம், மடித்த துணி எல்லாம் எதுவுமே நடக்காதது போல இருக்கும். அந்தத் தடத்தைத் தன் கையாலேயே தினமும் அழித்துக்கொண்டிருப்பவள்தான் அவள். ஏதோ ஒரு மூலையில் கை எட்டாமல், நேரம் போதாமல் தப்பிப் பிழைத்த கறைதான் அவள் அங்கே இருந்தாள் என்பதற்குச் சாட்சி. அதையும் மீட்டெடுப்பவர் வந்து துடைத்துவிட்டால்?

ஆனால் தம்பியின் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அது வண்டியின் அடித்தகட்டை ஐந்தாறு வருடத்தில் தின்றுவிடும். எல்லோரும் அம்மாவைப் போல ஓட்டியிருந்தால் இந்த வண்டிகளில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது, நானும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆவணக் காப்பகத்தில் தையல்காரப் பெண்களின் கூலிச் சீட்டுகளைத் தொடும்போது நானும் கையைக் கழுவிக்கொண்டுதான் தொடுகிறேன். பேனாவை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ஒருநாள் தம்பி நேராகவே கேட்டார். "உன் காகிதங்களை யாராவது பத்திரமாக வைத்ததால்தானே நீ படிக்கிறாய்?" உண்மைதான். என்னிடம் பதில் இல்லை. அந்தச் சீட்டுகளில் ஊசி குத்திய துளைகளும் விளக்கெண்ணெய்ச் சொட்டும் இருக்கின்றன, யாரும் அவற்றைச் சலவை செய்து வைக்கவில்லை என்பது பிறகு மாடிப்படியில் ஏறும்போதுதான் தோன்றியது.

சந்தைதான் கடைசியில் முடிவு செய்தது. அம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமை வேண்டும். 2016 கோடையில் தம்பி மூன்று வாரம் மல்லாந்து படுத்து அடித்தகட்டை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார். ஒரு ரூபாய் வாங்கவில்லை என்று நம் ஊரில் சொல்வது போல, ஒரு சென்ட் வாங்கவில்லை. உடைக்கப் போட்ட ஒரு வண்டியிலிருந்து அதே காலத்து அடுப்பலமாரியைத் தேடிப் பிடித்தார். அதை வைக்க இரண்டு அடுக்குகளை எடுத்தாக வேண்டும். அம்மா அளவுநாடாவோடு உள்ளே போய்க் கணக்குப் போட்டுவிட்டு வந்தார்: ஒரு நடைக்கு 60 கிண்ணம் குறையும்.

அடுக்குகளை எடுத்தபோது பின்பலகை தெரிந்தது. தரையிலிருந்து தோள் உயரம்வரை பென்சில் எழுத்து. எந்தச் சந்தை, எத்தனை ஜாடி, எத்தனை கிண்ணம், எவ்வளவு வந்தது. 1990-இலிருந்து மார்க்கில், 2002-இலிருந்து யூரோவில். ஓரிடத்தில் 'மழை, பூஜ்யம்'. ஓரிடத்தில் மகளின் தொலைபேசி எண். ஒரு வருடம் முழுக்க எதுவுமே இல்லை. அது அவருக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்த வருடம். கூலிக்குத் தைத்த பெண்கள் தங்கள் கைப்பட எழுதிய கணக்கு ஒன்றுகூடக் கிடைக்காதா என்று இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவள் நான். அதற்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். தம்பி கையில் உப்புத்தாளோடு பின்னால் நின்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "சரி, தேய்க்கவில்லை. மேலே புதுப் பலகை அடித்துக்கொள்கிறேன்" என்றார். பசை போடக் கூடாது, திருகாணிதான் என்று அம்மா சொன்னார். அன்று முழுக்க நான் அந்தப் பலகையை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தேன்.

செப்டம்பரில் தகடு வந்தது. பரிசோதித்தவர் அடுப்பலமாரியைத் தட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று குறித்துக்கொண்டாராம். முதல் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அடுப்பின் மேல் கிளேஸ் டப்பாக்கள், தொட்டிக்குள் சுற்றிவைத்த குவளைகள். அங்கே இருந்தவரை அந்த அடுப்பு எரிந்து நான் பார்த்ததில்லை. பசித்தால் சந்தையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றோம். இரவு வீடு திரும்பியதும் அம்மா வண்டியின் விளக்கைப் போட்டு, புதுப் பலகையின் மேல் மூலையில் தேதியையும், விற்ற கணக்கையும், அதற்குக் கீழே '60 குறைவு' என்பதையும் எழுதினார். தம்பி எட்டிப் பார்த்தார்.

"பென்சில்தானே?" என்று கேட்டார்.

"பேனா" என்றார் அம்மா.